தேவப்பிரயாகையில் ஓர் இரவு தங்குங்கள்

நம் சங்கத்து அன்பர்கள் பலர் கோடையில் பத்ரிநாத் யாத்திரை போய் வருகிறார்கள். வழியில் தேவப்பிரயாகை எப்படி இருந்தது என்று கேட்டால், "பஸ் அரை மணி நேரம் நின்றது, மேலிருந்து சங்கமத்தைப் பார்த்தோம்" என்பார்கள். அந்த அரை மணியும் இனி குறைந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

ரிஷிகேசத்திலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீட்டர் ரயில் பாதை அமைகிறது. இதில் சுமார் 105 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ளேயே போகும். தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் இடையிலான 14.57 கிலோமீட்டர் சுரங்கம் 2025 ஏப்ரலில் குடைந்து முடிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்தவன் என்ற முறையில், இந்த வேலையை நினைத்து எனக்குப் பெருமைதான். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் மலைவாசிகள் படும் பாட்டை அறிந்தவர்கள் ரயில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நோயாளிக்கும், வெளியூர் போய்ப் படிக்கும் பிள்ளைக்கும் அது வரப்பிரசாதம்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது தண்ணீர். மலைக் கிராமங்களுக்குக் கீழே ஆறு ஓடினாலும், குடிக்க உதவுவது பாறை இடுக்கிலிருந்து வடியும் ஊற்றுதான். 'தாரா' என்று அங்கே சொல்வார்கள். மலையைக் குடையும்போது உள்ளே ஓடும் நீர், சுரங்கத்தின் பக்கம் வழி மாறிக்கொள்ளலாம். மேலே ஊற்று வற்றினால் முதலில் குடம் தூக்கி நெடுந்தூரம் நடக்கப் போவது அந்த வீட்டுப் பெண்கள். ஆகவே ஒவ்வொரு ஊற்றின் அளவையும் வேலைக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்து சில ஆண்டுகள் வரையிலும் குறித்து வைத்து, ஊரார் பார்க்கும்படி வைக்க வேண்டும். குறைந்தால் மாற்று ஏற்பாடு செய்வது பாதை போடுகிறவர்களின் பொறுப்பு. வெட்டி எடுத்த மண்ணும் கல்லும் ஆற்றில் சரியாதபடி தடுப்புச் சுவருக்குள் நிற்க வேண்டும்.

இரண்டாவது நம்மைப் பற்றியது. சுரங்க ரயிலில் போகிறவருக்கு நதி பெரும்பாலும் கண்ணில் படாது. தேவப்பிரயாகையோ படி இறங்கி நடந்தால்தான் தெரியும் ஊர். சாலையிலிருந்து இறங்கி நடைப்பாலம் தாண்டினால், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல வீடுகள். குறுகிய சந்துகளில் சிறு கடைகள். மேலே ரகுநாதர் கோயில். பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்' இதுவே. கீழே அலக்நந்தாவும் பாகீரதியும் கூடும் இடத்திலிருந்துதான் நதிக்குக் கங்கை என்று பெயர். இரைந்து வரும் பாகீரதியை மாமியார் என்றும் அமைதியான அலக்நந்தாவை மருமகள் என்றும் ஊரார் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். 2006 முதல் மின்சாரம் தரும் 260.5 மீட்டர் உயர தெஹ்ரி அணை இப்போது மாமியாரைக் கட்டி வைத்திருக்கிறது. அணையில் நீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே குளியுங்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

ஓர் இரவு தங்குகிறவருக்குத்தான் மாலை விளக்கேற்றும் நேரம் கிடைக்கும். கடையில் கேட்டால் 'மண்டுவா' ரொட்டி தருவார்கள். அது நம் கேழ்வரகுதான். 'ஜங்கோரா' என்பது நம் குதிரைவாலி. இமயமலையில் நம் பாட்டி வீட்டுத் தானியங்களைக் கண்டால் பிள்ளைகளுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

யாத்திரிகர் யாவரும் நேரே மேலே போய்விட்டால், இந்தச் சின்ன ஊரின் கடைக்காரரும் தீர்த்தப் புரோகிதரும் எதை நம்பி இருப்பார்கள்? பிழைப்பு இல்லாத மலை ஊரை விட்டு இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கிவிடுகிறார்கள். வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அடுத்த யாத்திரைக்குத் திட்டமிடும் அன்பர்கள், தேவப்பிரயாகைக்கு ஒரு நாள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.