விலையை மட்டும் கேட்டோம்

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ விற்பனையை நடத்தியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா ஆலையின் உற்பத்தி நின்றது. இடையில் 26 நாட்கள். 2006இல் தொடங்கி, உலகச் சந்தைக்கே போன் செய்து அனுப்பிய ஆலை அது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பலர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களும் அந்த நவம்பரில் வேலையிழந்தார்கள்.

ஆலை மூடியதைப் பற்றி நாம் பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வருமான வரி வழக்கு, முடக்கப்பட்ட சொத்து, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் போனது என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் நாம் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் இதே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் ஒவ்வொன்றாக நொடித்துப்போனதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதில் நம் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பென்னலூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும், அந்தப் பக்கம் ஒரகடம், வல்லம் வடகால் வரைக்கும் இருக்கிற நம்மைத்தான் சொல்கிறேன். நிலம் கொடுத்துவிட்டு வந்த பணத்தில் வாடகைக்கு அறை கட்டியவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், கான்ட்ராக்டில் இருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இதில் அடக்கம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் உருவாகின்றன. ஃபாக்ஸ்கானில் ஐபோன் உருவாகிறது. பொருளை உருவாக்குகிற ஊர் நம்முடையது. அதை விற்கிற கடையையும் விற்கிற ஆளையும் நாம் நடத்திய விதம் அதற்கு ஏற்றதாக இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வியாபாரத்துக்கு ஒரு பழைய மரியாதை இருந்தது. வி.ஜி.பன்னீர்தாஸ் தவணைமுறையில் பொருள் விற்று, கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களுக்குள் ரேடியோவையும் மின்விசிறியையும் கொண்டுபோனார். 1965இல் மயிலாப்பூரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய விவேக்ஸ் புத்தாண்டு விற்பனைக்குப் பெயர் வாங்கியது. விடியுமுன்பே வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்த எச்.வசந்தகுமார் 1978இல் சொந்தமாக வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். கடையில் நின்று பொருளை விளக்கிச் சொல்கிறவனே ஒரு நாள் முதலாளி ஆகலாம் என்பதற்கு அவர் கண்ணெதிரே இருந்த சாட்சி. செல்போன் வந்தபோது 1997இல் சென்னையில் யுனிவர்செல் தொடங்கியது. எஸ்ஸார் குழுமத்தின் மொபைல் ஸ்டோர் நாடெங்கும் கிளை பரப்பியது. அந்த இரண்டு பலகைகளையும் இன்று நம் தெருக்களில் காண முடியாது.

பெரிய சங்கிலிக் கடைகள் விழுவதற்கு வட்டி, வாடகை, முதலாளியின் பேராசை, ஆன்லைன் கம்பெனிகள் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு கொடுத்த தள்ளுபடி என்று காரணங்கள் பல. அவற்றை எல்லாம் நம் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. நாம் செய்ததை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

நம் பகுதியில் கிளை வைத்திருந்த ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். எந்தக் கடை என்று உங்களுக்கே தெரியும். வேறு ஊர்க்காரராக இருந்தால் உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்திருக்கும். ஆரம்ப வருடங்களில் அங்கே போனால் வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஏசி கேட்டால் முதலில் அறையின் அளவைக் கேட்பார்கள். மேலே மொட்டை மாடியா, இன்னொரு தளம் இருக்கிறதா, மேற்குச் சுவரில் வெயில் விழுமா என்று கேட்பார்கள். மொட்டை மாடிக்குக் கீழே ஒரு டன் போதாது, ஒன்றரை எடுங்கள் என்பார்கள். “ஸ்டார் அதிகமா இருக்கறத எடுங்கண்ணா, ரெண்டு வருஷத்துல கரண்டு பில்லுலயே மிச்சமாயிடும்” என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். நாமும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். பிறகு மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வருவோம். கம்பெனி பஸ் ஏறுவதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்போம். அந்தப் பையனின் அரை மணி நேர உழைப்புக்கும் அவனுடைய அறிவுக்கும் நாம் ஒரு பைசா கொடுக்கவில்லை. அதை அறிவு என்றுகூட நாம் நினைக்கவில்லை.

அந்தப் பையன் யார் என்றும் நாம் கேட்டதில்லை. இந்தக் கடைகளில் கம்பெனி டி-ஷர்ட் போட்டு நிற்பவர்களில் பலர் கடையின் ஊழியர்களே இல்லை. பிராண்டுகள் ஏஜென்சி மூலம் நிறுத்தி வைக்கிற புரமோட்டர்கள். விற்கும் பீஸுக்கு ஏற்ற இன்சென்டிவ்தான் அவர்களுடைய மாதத்தைத் தீர்மானிக்கிறது. டார்கெட் எட்டவில்லை என்றால் இடமாற்றம், அல்லது வேலை போய்விடும். நம் ஆலைகளில் கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை என்ன என்று நமக்கு நன்றாகத் தெரியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் பலருக்கு விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, அவர்களோடு வேலை பார்த்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது நாம் பதறினோம். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றோம், குறைந்தபட்சம் மனத்தளவிலாவது. அதே நெடுஞ்சாலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தவர்களை நாம் தொழிலாளிகளாகவே எண்ணவில்லை. கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்தது. சட்டம் வந்த பிறகாவது நாம் போன கடையில் நாற்காலி இருக்கிறதா என்று எத்தனை பேர் கண்ணால் தேடினோம்?

அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று ஒரு சங்கிலிக் கடை இருந்தது. 1949இல் ரிச்மண்ட் நகரில் தொடங்கிய நிறுவனம். நிர்வாகப் புத்தகங்கள் அதை முன்மாதிரியாகக் காட்டிய காலம் உண்டு. 2007 மார்ச்சில் அது ஒரே நாளில் சுமார் 3,400 விற்பனையாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் வேலையில் குறை ஒன்றும் சொல்லப்படவில்லை. அந்த வேலைக்கு அவர்கள் வாங்கும் சம்பளம் அதிகம் என்பதே காரணம். குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கப்போவதாகவும், வேண்டுமானால் பத்து வாரம் கழித்து அவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றும் நிர்வாகம் சொன்னது. வேலை தெரிந்தவர்கள் போனபின் அந்தக் கடைக்குப் போவதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. 2008 நவம்பரில் திவால் மனு. 2009 மார்ச்சில் கடைசிக் கடைகளும் மூடின. சுமார் 34,000 பேர் வேலையிழந்தார்கள்.

நம் கடையில் யாரும் அப்படி ஒரே நாளில் வெளியேற்றப்படவில்லை. மெதுவாகத்தான் நடந்தது, அதனால் நாம் கண்டுகொள்ளவில்லை. முதலில் பழைய ஆட்கள் காணாமல் போனார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. பிறகு பிராண்டுகள் தங்கள் புரமோட்டர்களை எடுத்துக்கொண்டன. சப்ளையர் கடனுக்குச் சரக்கு தருவதை நிறுத்தினால் அலமாரி எப்படிக் காலியாகும் என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். நமக்கும் கண் இருந்தது. ஐந்து டிவி ஓடிய சுவரில் இரண்டு ஓடியது. கேட்ட மாடலுக்கு “ஸ்டாக் நாளைக்கு வரும் சார்” என்றார்கள். டிஸ்ப்ளேயில் மாதக்கணக்கில் ஓடிய பீஸைத் துடைத்துப் பெட்டியில் போட்டுப் புதிது என்று கொடுத்தார்கள். பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு டெலிவரியை வாரக்கணக்கில் இழுத்தார்கள். சர்வீஸ் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் நாம் என்ன செய்தோம் என்றால், கவுண்டரில் நின்ற பிள்ளையைத் திட்டினோம். அவன் கையில் எந்த முடிவும் இல்லை என்று தெரிந்தேதான் திட்டினோம். அவன் தலைகுனிந்து நின்றதைப் பார்த்ததும் நம் கோபம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டில் சொன்னோம், டீக்கடையில் சொன்னோம். மேலாளருக்கு எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடவில்லை. எழுத்தில் இல்லாத புகார் எங்கேயும் போய்ச் சேராது. அந்தச் சுவரில் மிச்சமிருந்த இரண்டு டிவியும் அணைகிற வரைக்கும் கடை அப்படியே நடந்தது.

பில் விஷயத்தில் நம் நடத்தை இன்னும் மோசம். “பில் வேணாம்னா ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தரேன்” என்று யாராவது மெல்லச் சொன்னால் நமக்கு முகம் மலர்ந்துவிடும். சில ஆயிரம் மிச்சம் என்று வாங்கி வந்தோம். கம்ப்ரசர் போனபோது, வாரண்டி கேட்க நம்மிடம் ஒரு தாளும் இல்லை. பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. அந்தத் தவறுக்கு நாம் கூட்டாளிகள் ஆனோம். பில் வாங்கியவர்களும் அதன் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைச் சட்டம் என்று நம்பி வாய்மூடி இருந்தோம். குறையுள்ள பொருளைக் குறித்த கெடுவுக்குள், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற நடைமுறைதான். அச்சடித்த வரி அதை மாற்றாது.

எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, அவர்களுக்காக ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். கடையில் கூடுதல் வாரண்டி என்று தனியாகப் பணம் வாங்கி ஒரு அட்டை கொடுத்தார்கள். கம்பெனி வாரண்டி முடிந்து மெஷின் நின்றபோது கிளையில் ஷட்டர் இறங்கியிருந்தது. அட்டையில் இருந்த நம்பர் இயக்கத்தில் இல்லை. அக்கா அந்த அட்டையோடு தெருவில் பலரிடம் யோசனை கேட்டார். படித்தவர்கள் நிறைந்த தெரு. “விடுங்கக்கா, போனது போகட்டும்” என்பதைத் தவிர யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த அட்டையைக் கொடுத்தது கடையா, வேறொரு நிறுவனமா என்று திருப்பிப் பார்க்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. வேறு நிறுவனம் என்றால் அதனிடம் கேட்க வழி இருந்திருக்கும்.

ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து நம் அறைகளில் குடியிருக்கிற பிள்ளைகளை நாம் இதைவிடவும் கைவிட்டோம். இந்தக் கடைகள் கடைசி நாட்களில் அவர்களை நம்பித்தான் ஓடின. வாங்காத இன்ஷூரன்சும் கேட்காத ஹெட்போனும் அவர்களுடைய பில்லில் ஏறின. இஎம்ஐ கணக்கில் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு எதிரிலேயே அது நடந்தது. ‘வடக்கத்திப் பையன்’ என்று நினைத்துக்கொண்டு நம் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். மாதா மாதம் அவர்களிடம் வாடகை வாங்குகிறவர்கள் நாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

இப்போதும் நேரம் கடந்துவிடவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் பதிவாகியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன் இதற்காக ஊருக்குப் போகவேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் மனு போடலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். கிளை மூடியிருந்தாலும் தயாரித்த கம்பெனி இருக்கிறது. பொருளின் குறைக்கு அதன் மீதும் புகார் செல்லும். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு.

ஆகவே இன்றைக்கே அந்தப் பழைய பில்லைத் தேடி எடுங்கள், தேதியைப் பாருங்கள். உங்கள் வீட்டில் குடியிருக்கிற பிள்ளைகளிடமும் அவர்களுடைய பில்லைக் கேட்டு வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.