காண வேண்டிய இடங்களும் காணாமற்போன இடங்களும்

நாகைக் கடற்கரையைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் ஐந்து பெயர்கள் வரிசை மாறாமல் வருகின்றன: பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது முதலிரண்டும் அதன் எல்லைக்குள் சென்றுவிட்டன. கடலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது என்பதால் நாமும் இங்கே சேர்த்தே பேசுகிறோம்.

இந்தப் பட்டியலில் பிழையேதும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பயணம் செய்யும் முறைதான் வருத்தம் தருகிறது. ஓர் இடத்துக்கு அரைமணி நேரம், இரண்டு புகைப்படம், ஒரு சுண்டல் பொட்டலம், பிறகு வண்டி அடுத்த ஊருக்கு. தமிழிலக்கியம் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் மாணவர்களைப் பூம்புகாருக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்றுண்டு: "இங்கே பார்க்க ஒன்றுமே இல்லையே, ஐயா!" அவர்கள் சொல்வது கண்ணளவில் உண்மை. அந்த வாக்கியத்துக்கு ஒரு பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பிய மரபு நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வைத்தது. வகுப்பறையில் இதனை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் கற்பித்துப் பழகிவிட்டோம். இந்தக் கடற்கரையில் நான்கு ஊர் நடந்து பார்த்தால் அது வெறும் இலக்கண வகைப்பாடு அன்று என்பது விளங்கும். இங்கே முதன்மையானவை பலவும் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சிலவற்றைக் கடல் கொண்டது. சிலவற்றை மனிதர் இடித்தனர். சிலவற்றை நாமே பட்டியலில் சேர்க்காமல் விட்டோம்.

பூம்புகாரை எடுத்துக்கொள்வோம். 1973இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரே மிகுதி. கலைக்கூடம் நம் காலத்துக் கற்பனை. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் அருகிலுள்ள கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வில் படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டுமானம் வெளிப்பட்டது. பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் கிடைத்தது. பட்டினப்பாலையின் துறைமுகத்தைப் படித்தவர் நிற்க வேண்டிய இடங்கள் இவை. அங்கிருந்து காவிரி கடலில் கலக்குமிடத்துக்கு நடந்து செல்லுங்கள். கோடையில் அந்த ஆறு எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று பாருங்கள். காவிரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும் அரசியலை அந்த ஒரு காட்சி விளக்கிவிடும்.

தரங்கம்பாடியில் எல்லோரும் 1620இல் தொடங்கிய டேனியக் கோட்டையின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூருக்கு ஒரு வாழ்வு இருந்தது என்பதற்கு அது சாட்சி. 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இன்று நாம் கையிலேந்தும் ஒவ்வொரு சிற்றிதழுக்கும் இந்த மணல்தெருவோடு ஓர் உறவு உண்டு. இலக்கிய வாசகர் என்று சொல்லிக்கொள்வோர் 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் துயிலும் இடத்தருகே சில நிமிடமேனும் நிற்கலாம்.

நாகப்பட்டினத்தின் கதை இன்னும் கசப்பானது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தையின் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் எடுப்பித்தான். சைவனான சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றவை அச்செய்தியைச் சொல்கின்றன. நாகையின் பௌத்தத் தொன்மைக்குச் சான்றாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஒரு செங்கற் கோபுரம் நின்றது. 1867இல் அது இடித்துத் தள்ளப்பட்டது. நாகை மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளை இன்று காண வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். நாகூர்த் தர்காவின் உயர்ந்த மினாரைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். பிறர் வழிபாட்டிடத்துக்குக் கொடை தருவது இக்கரையின் பழைய பழக்கம். இடித்த வரலாறும் இங்கேயே இருக்கிறது. இரண்டையும் அறிந்துகொண்டு திரும்புவதே நேர்மையான பயணம்.

கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட ஊர் அது. வேளாங்கண்ணிக்குச் செல்லும் பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் அந்த நினைவிடத்துக்குத் திரும்புகிறார்கள்? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லுக்குப் பரிசு கொடுத்தோம், பாடமாக வைத்தோம், ஊரை மறந்தோம். அது வேடிக்கை பார்க்கும் இடமன்று. அங்கே மக்கள் வாழ்கிறார்கள். படக்கருவியை வண்டியிலேயே வைத்துவிட்டு, பெயர்களைப் படித்துவிட்டு, ஓசையின்றித் திரும்பினால் போதும்.

வேதாரண்யத்தில் 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே உப்பளத்துப் பக்கம் செல்லுங்கள். உப்பு இன்றும் வெயிலில், வெறும் மனித உழைப்பால் வாரப்படுகிறது. சட்டம் மீறி உப்பெடுத்த தலைவர்களுக்குத் தூண் உண்டு. நாள்தோறும் உப்பெடுக்கும் கால்களின் புண்ணுக்கு என்ன உண்டு என்ற கேள்வி அங்கே தானாக எழும். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி இருப்புப்பாதை மீண்டும் திறக்கப்பட்டுவிட்டதால், காரில்லாதவர்களுக்கும் இப்பயணம் இயலும்.

கடைசியாகக் கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக 2022இலும் 2023இலும் வந்தபின் பூங்குழலியின் கரையைத் தேடி வருவோர் உண்டு, நல்லதே. அவர்கள் கோடிக்குழகர் கோயிலுக்கும் செல்லட்டும். கடற்காற்று வீசும் இக்கரையில் இப்படித் துணையின்றி இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனைப் பார்த்தே இரங்கிய தலம் அது. நெய்தலின் உரிப்பொருள் பக்தியாக உருமாறிய இடம் என்று இதைச் சொல்லலாம். சோழர் காலத்தது எனச் சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையோடு போயிற்று. 1967 முதல் சரணாலயமான காட்டில் வெளிமான்கள் இருக்கின்றன. 2018 கஜா புயலில் முறிந்த அக்காடு மெல்லத் துளிர்த்திருக்கிறது. மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வரும். அவற்றைக் காண விடியலில் செல்ல வேண்டும், ஒலிபெருக்கியோடு அன்று.

"ஓய்வுக்காக வருகிறவனிடம் தேர்வு நடத்துகிறீர்களே" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஓய்வை நாம் மறுக்கவில்லை. தரங்கம்பாடியில் மாலைக் காற்று வாங்குவதும், மீன் ஏலத்தின் கூச்சலைக் கேட்பதும், நாகூரில் அல்வா வாங்குவதும் பயணத்தின் பகுதிகளே. ஆனால் 2004இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்த ஒரு மாவட்டத்தின் மணலில், அந்த நினைவு சற்றும் தீண்டாமல் விளையாடிவிட்டு வருவது ஓய்வாகுமா? தெரிந்துகொண்டு அமர்கிறவருக்கு அலை வேறுவிதமாகக் கேட்கும்.

நாம் கேட்பது பெரிதன்று. ஐந்து இடங்களை ஒரே நாளில் முடிக்காதீர்கள். மூன்று நாள் ஒதுக்கி, அவற்றில் இரண்டு இடங்களை நடந்தே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வருவோர் வலை பின்னுவோரிடம் அமர்ந்து பேசலாம், அவர்களுக்கும் நேரமிருக்கும். தமிழ்த்துறைகளுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் உதகைக்குப் போகும் பேருந்தை ஓராண்டு கிழக்கே திருப்புங்கள். "ஒன்றுமே இல்லையே" என்று ஒரு மாணவி அங்கு நின்று சொன்னால், "ஏன் இல்லாமற்போயிற்று?" என்று அவளிடமே திருப்பிக் கேளுங்கள். இலக்கிய வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.