லிமிட் ஏறுது, உஷார்!

வடசென்னைக்காரனுக்கு க்ரெடிட் லிமிட் ஒன்றும் புதுசு இல்லை. திருவொற்றியூர் மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டில் அது எப்பவோ வந்துவிட்டது. ஒண்ணாம் தேதி பாக்கியைத் தீர்த்தால் அடுத்த மாசம் எண்ணெய் ஒரு லிட்டர் கூடக் கிடைக்கும். ரெண்டு மாசம் இழுத்தடித்தால் நம்மைப் பார்க்காத மாதிரி தராசைத் துடைப்பார். 2000ல் ஆரம்பித்த சிபிலும் இதே நோட்டுதான். என்ன, இங்கே ஒரு அண்ணாச்சி கோபித்துக்கொண்டால் ஊரிலுள்ள அத்தனை அண்ணாச்சியும் தராசைத் துடைப்பார்கள். மார்க் 300லிருந்து 900 வரை. 750 தாண்டினால் மரியாதையாக உட்காரச் சொல்வார்கள்.

எண்ணூர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர். நடுவில் வேலை போய், கார்டு பாக்கி 60 ஆயிரம் ஆகிவிட்டது. வசூல்காரர் வந்து, ''35 கட்டுங்க தம்பி, முடிச்சுரலாம்'' என்றார். கட்டிவிட்டு, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார் தம்பி. ரிப்போர்ட்டில் விழுந்த வார்த்தை: 'செட்டில்ட்'. நம் ஊரில் பையன் செட்டில் ஆகிட்டான் என்றால் பெண் கொடுப்பார்கள். பேங்க் பாஷையில் செட்டில்ட் என்றால் பைக் லோன்கூடக் கொடுக்க யோசிப்பார்கள்!

மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்று சர்டிபிகேட் வாங்கி, 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கேட்கவேண்டும். அப்புறம் எஃப்.டி. மேல் ஒரு கார்டு. 10 ஆயிரம் போட்டால் லிமிட் எட்டோ ஒன்பதோ ஆயிரம். நம் பணத்தையே நமக்குக் கடன் கொடுக்கிறார்கள். கொஞ்சம் அவமானம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மாசாமாசம் முழுசாகக் கட்டிக்கொண்டு வந்தால், ஆறு மாசத்திலோ ஒரு வருஷத்திலோ பேங்கே போன் போட்டு, ''சார், லிமிட்டை 50 ஆயிரம் ஆக்கலாமா?'' என்று கொஞ்சும்.

ஆக்கலாம். 9 ஆயிரம் லிமிட்டில் 8 ஆயிரம் செலவழிக்கிறவன் அவர்கள் கண்ணுக்குப் பஞ்சப்பாட்டுக்காரன். அதே 8 ஆயிரத்தை 50 ஆயிரம் லிமிட்டில் செலவழித்தால் கனவான். தட்டு பெரிசானாலும் அதே ரெண்டு இட்லி. முப்பது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். ஆனால் பெரிய தட்டைப் பார்த்ததும் எம்.சி. ரோட்டில் பேண்ட் சட்டை வாங்கத் தோன்றும் பாருங்கள், அங்கேதான் ஆரம்பிக்கும் வினை. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால், புதுசாக வாங்கும் பேண்ட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாசத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் என்பது சகஜம். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008ல் சொன்னது. சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. (ராயபுரம் மீட்டர் வட்டிக்காரருக்கு இதைப் படித்துக் காட்டாதீர்கள். வருத்தப்படுவார்.)

நம்மைக் கேட்காமல் லிமிட்டை ஏற்றக்கூடாது என்பது ரிசர்வ் பேங்கின் 2022 உத்தரவு. கேட்காமல் புதுக் கார்டைத் தலையில் கட்டியோ, இருக்கிற கார்டை மேல்ரகமாக்கியோ, அதற்குக் கட்டணமும் போட்டால், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதைப்போல ரெண்டு மடங்கு அபராதமும் தரவேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை சிபில் ரிப்போர்ட் இலவசம், 2017லிருந்து. தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு. அதற்குக் காசிமேட்டில் வஞ்சிரம் வராது. மத்தி வரும்.