கல்லூரியில் சேர்த்தாகிவிட்டது, ஜூலைக்குப் பிறகு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து ஜூன் மாதம் முடியும்வரை நம் மஹல்லாக்களில் கல்விப் பேச்சுதான். பள்ளிவாசலில் வழிகாட்டி முகாம், வாட்ஸ்அப் குழுமங்களில் கல்லூரிப் பட்டியல், அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கேடயம், வசதியற்ற பிள்ளைகளுக்குக் கட்டண உதவி என்று ஊரே சுறுசுறுப்பாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், முந்தைய தலைமுறை பார்க்காத விழிப்புணர்வு இது. ஆனால் ஜூலை பிறந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. "சேர்த்தாச்சு" என்ற ஒரு சொல்லோடு பெற்றோரும் ஜமாஅத்தும் மூச்சு விட்டுக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முதல் செமஸ்டர் அரியர், இரண்டாம் ஆண்டில் வந்து சேரும் விசா, அதே இரண்டாம் ஆண்டில் பேசி முடிக்கப்படும் சம்பந்தம் என்று அது நடக்கும் வழிகள் நமக்குத் தெரிந்தவையே. சேர்க்கைக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒதுக்கினாலே நிலைமை மாறும் என்று நாம் நினைக்கிறோம்.

குறிப்பாக, கலை அறிவியல் கல்லூரிகளில் தொழில் சார்ந்த பாடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். பி.சி.ஏ., ஆடை வடிவமைப்பு, விஸ்காம், கேட்டரிங், உணவு அறிவியல், பி.வோக். போன்ற படிப்புகளைச் சொல்கிறோம். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெருநாள் விருந்தில் "உங்க மகன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், தகப்பனார் சற்றுத் தயங்கி "சும்மா ஒரு டிகிரி" என்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது விழுகிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் பிறந்தவை. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி 1956இலும் வந்தன. தோலும் வணிகமும் செய்து சம்பாதித்தவர்கள் சமுதாயத்துக்கென்று கட்டியவை கலை அறிவியல் கல்லூரிகளாகவே இருந்தன. அவர்கள் அதை இரண்டாம்தரமாக நினைத்திருந்தால் இத்தனை பொருளை அதில் போட்டிருக்க மாட்டார்கள்.

சேர்ந்த படிப்பு என்ன என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு பி.வோக்.கை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு பத்தாண்டுகளுக்கு முன்பு கொண்டுவந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இது. பாடத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தொழில்திறன், நாற்பது சதவீதம் பொதுக்கல்வி. ஓராண்டு முடித்து நின்றால் டிப்ளமா, இரண்டாண்டில் உயர்நிலை டிப்ளமா, மூன்றாண்டு முடித்தால் பட்டம். இந்த ஏற்பாட்டில் நன்மையும் உண்டு, வழுக்கலும் உண்டு. "ஒரு வருஷம் படிச்சாலே சர்டிபிகேட் கிடைக்குமாமே" என்று யாராவது சொல்ல, பிள்ளை அதோடு நின்றுவிடும். பட்டதாரி என்ற தகுதி கேட்கும் இடங்களில் அந்த டிப்ளமா பட்டத்துக்கு ஈடாகாது.

இன்னொன்று, படிப்பின் பெயர். இப்போது பி.காம். என்றால் ஒரே பி.காம். இல்லை, அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒரு சொல்லோடு பல வகைகள் இருக்கின்றன. அரசுப் பணிக்கும் பி.எட்.டுக்கும் விண்ணப்பிக்கும்போது எந்தப் பட்டம் எதற்கு இணை என்ற கேள்வி வரும். அதற்கு உயர்கல்வித் துறை அரசாணைகள் இருக்கின்றன. மகளை ஆசிரியை ஆக்க வேண்டும் என்ற கனவு இருந்தால், துறைத் தலைவரிடம் முதல் மாதமே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். ஆரம்பத்திலேயே கேட்டால் வேறு துறைக்கு மாற்ற முடிகிறதா என்றாவது பார்க்கலாம். ஷிப்ட் விஷயமும் அப்படித்தான். அரசு உதவிபெறும் கல்லூரியில் முதல் ஷிப்டில் உதவிபெறும் பாடங்களும் இரண்டாம் ஷிப்டில் சுயநிதிப் பாடங்களும் இருக்கும். கல்லூரி ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல.

சாதிச் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையது, அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா ஆகிய பிரிவுகள் இதில் வருகின்றன. சான்றிதழில் 'பி.சி. முஸ்லிம்' என்று இல்லாமல் வேறு விதமாக இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் திருத்த விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் அது மறுபடி மறுபடி தேவைப்படும்.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு கேள்விக்கு வருவோம்.

கேட்டரிங் படிப்பில் மகனைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் பாடப்புத்தகத்தைப் புரட்டும்போதுதான் மது வகைகள், அவற்றைப் பரிமாறும் முறை, பன்றி இறைச்சியின் வெட்டுகள் எல்லாம் பாடமாக இருப்பது சில வீடுகளில் தெரியவருகிறது. வீட்டில் புயல். "இதைப் படிச்சு வர்ற சம்பாத்தியம் நமக்கு வேணாம்" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோரின் பேணுதலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் இரண்டாம் ஆண்டு அல்ல. உணவு, பானப் பரிமாறல் என்பது ஹோட்டல் மேலாண்மைப் படிப்பின் வழக்கமான பகுதி. மது பற்றிய பாடம் அதில் இடம்பெறுவதுண்டு. எழுத்துத் தேர்வுக்கு மட்டுமா, செய்முறையும் உண்டா, தொட விருப்பமில்லாத மாணவருக்கு மாற்று ஏற்பாடு உண்டா, பயிற்சிக்கு எந்த வகை ஹோட்டலுக்கு அனுப்புவார்கள், பார் பகுதியைத் தவிர்த்துச் சமையலறையிலோ பேக்கரியிலோ பயிற்சி கேட்க முடியுமா? இவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும் விஷயங்கள். முதல் மாதத்திலேயே துறையில் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். மார்க்க ரீதியான பகுதியை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஒரு பொருளைப் பற்றித் தேர்வுக்குப் படிப்பதற்கும் அதைக் கையாண்டு பரிமாறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்குவார். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பேக்கரி, உணவுப் பதப்படுத்தல், உணவு அறிவியல் என்று அருகிலேயே வேறு வாசல்கள் இருக்கின்றன. அதே பிரியாணி மாஸ்டர் குடும்பத்துப் பிள்ளை, உணவுப் பாதுகாப்பு பற்றிப் படித்துவிட்டு அப்பாவின் கடைக்கே திரும்பினால் அதுவும் நல்ல தொழில்தான்.

விஸ்காம் படிக்கும் பிள்ளைகளிடமும் இதே பேச்சை முன்கூட்டியே பேசலாம். கேமரா என்றால் சினிமா மட்டும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டால், பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் போகும். செய்திப் படம், ஆவணப் படம், விளம்பர வடிவமைப்பு, அனிமேஷன் என்று அந்தத் துறை விரிந்தது. நம் சமுதாயத்தைப் பற்றி மற்றவர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்து வருந்துகிறோம். கேமரா பிடிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

முதல் செமஸ்டர் என்பது உண்மையில் மிகக் குறுகிய காலம். ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ வகுப்பு தொடங்கினால் நவம்பரில் தேர்வு. தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் உட்கார்கிறது. பள்ளியில் ஆசிரியர் வீட்டுக்குப் போன் போடுவார்; கல்லூரியில் பெரும்பாலும் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். செமஸ்டர் தேர்வுக்கு முன்பே அகமதிப்பீட்டுத் தேர்வு, அசைன்மென்ட், செமினார் என்று ஒரு பகுதி மதிப்பெண் முடிவாகிவிடும். இதெல்லாம் பிள்ளைக்கே ஆகஸ்டில்தான் மெதுவாகப் புரியும். நவம்பரில் இரண்டு பாடம் போனால், "எனக்குப் படிப்பு வராது" என்ற முடிவுக்குப் பதினெட்டு வயதில் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் விழும் ஏச்சுதான் கடைசி அடி. அரியர் என்பது மறுபடி எழுதித் தேறக்கூடிய ஒரு தேர்வு. அதற்கு மேல் அதற்குப் பொருள் கொடுக்காதீர்கள்.

சில கல்லூரிகளில் முதல் பகுதி மொழியாக அரபியோ உருதோ எடுக்கலாம். மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அது உதவும். பள்ளியில் தமிழ் படித்தவர்கள் அப்படி மாறினால், நான்காம் பகுதியில் சிறப்புத் தமிழ் என்று ஒரு தாள் எழுத வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் அதைக் கண்டு பதறுவோர் உண்டு.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்க என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் உம்மாக்கள் நம்மிடம் அதிகம். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை உங்களுடையதல்ல. வகுப்புப் பொறுப்பாசிரியரின் பெயரும் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வருகைப் பதிவைக் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு, தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் மாமியையோ சாச்சியையோ அழைத்துக்கொண்டாவது போங்கள். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் தொலைபேசிப் பேச்சு எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். "படிக்கிறியா?" "ஆமா." "தொழுகிறியா?" "ஆமா." அத்தோடு முடிந்தது. "இந்த வாரம் லேப்ல என்ன செஞ்சே? எனக்குக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். தைத்த சட்டையை, எழுதிய நிரலை, எடுத்த புகைப்படத்தை வீடியோ காலில் காட்டும் பிள்ளை, அடுத்த வாரமும் காட்டுவதற்கு எதையாவது செய்யும்.

கட்டண ரசீதில் வராத செலவுகளும் இருக்கின்றன. ஆடை வடிவமைப்புக்குத் துணியும் தையல் இயந்திரமும், கேட்டரிங்குக்குச் சீருடையும் கத்திகளும், கணினிப் படிப்புக்கு லேப்டாப், எல்லாவற்றுக்கும் ரெக்கார்டு நோட்டு. இவை வாங்க முடியாமல் செய்முறை வகுப்பன்று மட்டும் லீவு போடும் பிள்ளைகள் உண்டு. காரணத்தை வீட்டில் சொல்வதில்லை.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் பாஸ்போர்ட் ஒரு கடிகாரம் போல ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா ஒரு விசா இருப்பதாகச் சொல்வார், கடையில் ஆள் தேவை என்பார். பதினெட்டு வயதில் அந்தச் சம்பளம் பெரிதாகத் தெரியும். பட்டச் சான்றிதழை அட்டஸ்டேஷன் செய்து கொடுக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் விசாவில் எழுதப்படும் பணிப்பெயரே வேறு என்பதை அங்கே இருபது வருடம் கழித்தவர்கள் நன்றாக அறிவார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடிவதும் முடியாமல் போவதும் பல நேரங்களில் அதைப் பொறுத்ததே. சவூதி இப்போது பல தொழில்களுக்குத் திறன் சரிபார்ப்புத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது. விசா கொண்டுவரும் மாமாவிடம், "மூணாவது வருஷம் முடியட்டும், அப்ப இதைவிட நல்லதா ஒண்ணு பாருங்க" என்று பெற்றோர் சொல்ல வேண்டும். பிள்ளை சொன்னால் எடுபடாது.

பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கடிகாரம் சம்பந்தம். நல்ல வரன் வந்தால் தள்ளிப்போட மனம் வராது, அந்தக் கவலையை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் "கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம்" என்று நிச்சயத்தன்று வாய்வார்த்தையாகச் சொல்லப்படுவது எத்தனை வீடுகளில் நிறைவேறியது என்று ஒவ்வொருவரும் தம் உறவுக்குள்ளேயே எண்ணிப் பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் பயிற்சியும் உள்ள படிப்பைத் தபாலில் தொடரவும் முடியாது. நிக்காஹ் பேசும்போதே, எந்த மாதம் தேர்வு, எங்கிருந்து கல்லூரிக்குப் போவாள், செலவு யாருடையது என்பதை இரு வீட்டாரும் ஜமாஅத் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. மஹர் எழுதும் நம் சமுதாயத்துக்கு எழுதி வைப்பது புதிதா என்ன?

பண உதவியைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் வருகிறார்கள். நம் ஊர்களின் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இவை இல்லை. அவர்களிலும் ஏழைகள் நிறைய இருக்கிறார்கள். இமாம்கள், மோதினார்களின் பிள்ளைகளுக்கு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியத்தில் கல்வி உதவி உண்டு, வாப்பா உறுப்பினராகப் பதிந்திருந்தால். டாம்கோ கல்விக்கடன் குறைந்த வட்டி, ஆனால் வட்டியில்லாதது அல்ல. பேணுதலாக அதைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு மிஞ்சுவது நம் பைத்துல்மால்தான்.

அங்கே ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. 2017இல் நோன்பு மே இறுதியில் தொடங்கி ஜூனில் முடிந்தது. ஜகாத் பணம் கையில் இருக்கும்போதே கல்லூரிக் கட்டணமும் வந்தது. இப்போது நோன்பு பிப்ரவரி, மார்ச்சுக்கு நகர்ந்துவிட்டது. வரும் ஆண்டுகளில் இன்னும் முன்னால் போகும். ரமலானில் வசூலாவது ரமலானிலேயே தீர்ந்துவிட்டால், ஜூனில் வரும் மாணவருக்குக் கொடுக்க எதுவும் இருப்பதில்லை. தேர்வுக் கட்டணத்துக்கும் அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கும் அறவே இல்லை. ஜகாத்தை எவ்வளவு காலம் நிறுத்திவைக்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொண்டு, முடியாத பகுதிக்குப் பொது நன்கொடையிலிருந்தோ வட்டியில்லாக் கடனாகவோ ஒரு தனிக் கணக்கு வைக்கலாம். ஜூனில் உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் ஜமாஅத் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் போய், இந்தப் பிள்ளை இன்னும் கல்லூரிக்குப் போகிறதா என்று கேட்டு வரலாம்.