உங்கப்பா என்ன செய்றாரு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாத்தூர்ப் பக்கம் ஒரு சேரியில் படிப்பகம். பதினோரு பிள்ளைகள். எம்.பி.ஏ., பி.பி.ஏ. கடைசி வருடம். கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரப் போகிறார்கள். 'ஒரு தடவை எங்கள உக்கார வச்சுக் கேள்வி கேளுங்கண்ணே' என்று கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் குமாஸ்தா, கவிதை வேறு எழுதுகிறான், இவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு நான் 'போர்டு' ஆகிவிட்டேன்.

முதலில் வந்தது ஒரு தங்கச்சி. எம்.பி.ஏ. இரண்டாம் வருடம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றேன். ஆங்கிலத்தில் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னாள். அடுத்து வழக்கமான கேள்வி: 'உங்கப்பா என்ன செய்றாரு?'

ஒரு நிமிசம் சத்தமில்லை. பிறகு, 'பிசினஸ் சார்.'

அவள் அய்யாவை எனக்குத் தெரியும். பட்டாசு ஆலையில் மருந்துக் கலப்பு வேலை. எங்கள் கிளையில்தான் கணக்கு.

முடிந்ததும் தனியே கேட்டேன், 'ஏம்மா அப்படிச் சொன்ன?' 'காலேஜ்ல டிரெய்னிங் குடுக்க வந்தவுக சொன்னாகண்ணே. லேபர்னு சொன்னா எடுபடாதாம்.' எனக்குக் கோபம் வந்தது. என்ன பயிற்சி இது, பெற்ற தகப்பனை மறைக்கச் சொல்லித் தருகிறானே என்று ஆரம்பித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: 'எங்கண்ணனுக்குப் போன வருசம் நீங்களும் அப்படித்தானே சொல்லிக் குடுத்தீக.'

தோழர்களே, இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தால்தான். அவள் சொன்னது உண்மை. அவள் அண்ணனிடம் நான்தான் சொன்னேன், 'பட்டாசுத் தொழில்ல இருக்கார்னு பொதுவாச் சொல்லு தம்பி, வெவரமாச் சொல்ல வேண்டாம்' என்று. அதன் பிறகு நடந்ததையும் அவள்தான் சொன்னாள். அவன் அப்படியே சொல்லியிருக்கிறான். கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஓ, சிவகாசியா? என்ன பிராண்டு? டர்ன்ஓவர் எவ்வளவு?' என்று கேட்டிருக்கிறார். பையனுக்கு வேர்த்துவிட்டது. அதற்கு மேல் அவனுக்குத் தெரிந்த பதிலும் வாயில் வரவில்லை. வெளியே வந்துவிட்டான். என் புத்திசாலித்தனத்துக்கு அவன் கொடுத்த விலை அது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கும் அந்த அறை தெரியும். 2012-ல் குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணலுக்குப் போனேன். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். சாதிச் சான்றிதழ் மேசை மேல் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும், 'சொந்த ஊர் எது?' சொன்னேன். 'அந்த ஊர்ல எந்தப் பக்கம்?' காசோலை வாங்கிப் பணம் எண்ணுகிற வேலைக்கு ஊரில் எந்தப் பக்கம் என்பது எதற்கு? 'பஸ் ஸ்டாப் பக்கம்' என்றேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு மார்க்கு என்னைக் காப்பாற்றியது. ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்ட ஒளிவுமறைவை அனுபவ அறிவு என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்கும் ஊட்டிவிட்டேன்.

இதிலே ஒரு வேடிக்கை. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் சின்ன வேலைகளுக்கு நேர்காணல் எதற்கு என்று பேசினார். 2016 ஜனவரி 1 முதல் மைய அரசின் சி, டி பிரிவு வேலைகளுக்கும், கெஜட் பதிவு பெறாத பி பிரிவு வேலைகளுக்கும் நேர்காணல் எடுக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் வங்கிக் குமாஸ்தா தேர்விலும் போயிற்று. எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகள் அந்த அறைக்குள் நுழையாமலே என் பக்கத்துக் கவுண்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வங்கி என்ன இடிந்தா விழுந்துவிட்டது? என்னை விட வேகமாகப் பார்க்கிறார்கள். 'எந்தப் பக்கம்' என்ற கேள்வி இல்லாமலே தகுதியான ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதற்கு எங்கள் கிளையே சாட்சி.

ஆனால் மேலே போகப் போக அறைக் கதவு அப்படியே இருக்கிறது. வங்கி அதிகாரி வேலைக்கு நேர்காணல் உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வில் 2025 மார்க்கில் 275 நேர்காணலில். தனியார் கம்பெனிகளிலோ நேர்காணல்தான் எல்லாமே. இட ஒதுக்கீடும் கிடையாது. எம்.பி.ஏ. படிக்கிற நம் பிள்ளைகள் போய் நிற்பது அந்த வாசலில்தான்.

'எல்லாம் உங்க தாழ்வு மனப்பான்மை, இப்ப யாரு சாதி பாக்குறா' என்பார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரம் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரு சோதனை நடத்தினார்கள். தனியார் கம்பெனிகளின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். ஒரே தரமான படிப்பு, ஒரே தரமான அனுபவம். பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை, பெயர் ஒன்றுதான். முடிவு 2007-ல் வெளிவந்தது.

அதே 2007-ல் இன்னோர் ஆய்வு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லி வட்டாரத்தில் பெரிய கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளையே போய்ப் பேட்டி கண்டார்கள். அத்தனை பேரும் 'தகுதி, திறமை' என்றுதான் ஆரம்பித்தார்கள். கூடவே, நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்பது ரொம்ப முக்கியம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்றால் நல்ல பழக்கம், ஒழுக்கம் எல்லாம் இருக்குமாம். ஒரே வாயில் தகுதி, ஒரே வாயில் பிறப்பு. வித்தியாசமே தெரியாமல் பேசியிருக்கிறார்கள். மனு எழுதி வைத்ததை மனிதவள மேம்பாடு என்று பெயர் மாற்றிச் சொல்கிறார்கள், அம்புட்டுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 1980-களில் விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் விடியும் முன்னே கம்பெனி பஸ் வரும். தூக்கக் கலக்கத்திலேயே பிள்ளைகளை ஏற்றிப் போகும். தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, பட்டாசுக்குத் திரி வைக்க. அந்தப் பிள்ளைகளிடம் யாராவது 'கம்யூனிகேஷன் ஸ்கில்' கேட்டார்களா? குடும்பப் பின்னணி கேட்டார்களா? பின்னணி தெரிந்துதானே பஸ்ஸையே அந்தத் தெருவுக்கு அனுப்பினார்கள்! 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. அன்று அந்த பஸ்ஸில் போன பிள்ளைகள்தான் இன்று அப்பா, அம்மா. அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் இப்போது எம்.பி.ஏ. முடித்துவிட்டு, 'உங்கப்பா என்ன செய்றாரு?' என்ற கேள்விக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் குனிய வேண்டும்? அந்த அய்யா செய்கிற வேலை என்ன? வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள். எதை எவ்வளவு சேர்ப்பது, எந்த நேரத்தில் சேர்ப்பது. வெயில் ஏறும் முன் கலக்க வேண்டும். இரும்பு படக் கூடாது, நைலான் உடுத்தக் கூடாது. மிச்ச மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோதான். இதைத்தானே மேலாண்மைப் படிப்பில் பாதுகாப்பு, சரக்கிருப்பு, உற்பத்தித் திட்டம் என்று மூன்று பாடமாக வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள்? அந்த விதிகளை மீறச் சொல்லி அவசரப்படுத்துகிறவன் ஒருத்தன், சாகிறவன் இன்னொருத்தன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம். அந்தப் பெயர்களை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கச்சி மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை சொன்னாள்: 'எங்கப்பா பட்டாசு ஆலையில் மருந்துக் கலப்புத் தொழிலாளி. இருபத்திரண்டு வருசமாக விபத்தில்லாமல் வேலை பார்க்கிறார். விதி எதற்கு இருக்கிறது என்று எனக்கு வீட்டிலேயே தெரியும்.' அறையில் இருந்த பத்துப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்படிச் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கிடைக்காமலும் போகலாம். கல்விக் கடன் கழுத்தில் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாகப் போராளியாக்கி அனுப்பிவிட்டு நாம் இங்கே கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது நியாயமில்லை. 1917-ல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்குப் பரோடாவில் வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித்தான் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். மறைத்தது அவர் குற்றமா? இல்லை. ஆனால் மறைப்பதை அவர் யாருக்கும் பாடமாக நடத்தவில்லை. பின்னாளில் எல்லாரும் அறிய எழுதி வைத்தார். அப்பன் தொழிலைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அந்தந்தப் பிள்ளையின் உரிமை. 'அது இந்த வேலைக்குத் தொடர்புள்ளதா சார்?' என்று பணிவாகத் திருப்பிக் கேட்பதும் உரிமை. பொய்யைப் பயிற்சி என்று சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு. அதை நான் செய்தேன். இனிமேல் செய்ய மாட்டேன்.

ஆங்கிலம் வேண்டாம், டை வேண்டாம் என்று சிலர் கிளம்புவார்கள். அது வேறு பொய். நம் சேரி வாசலில், பல ஊரில் கூண்டுக்குள், கோட்டு சூட்டு போட்டு நிற்பவர் யார்? டை நமக்கு அந்நியமில்லை. ஆங்கிலம் படிக்கட்டும், குழு விவாதம் பழகட்டும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு, விடாமல் பயன்படுத்தட்டும். ஆனால் குறை எல்லாம் பிள்ளையிடம்தான், அவனைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வைக்காதீர்கள். அந்த நாற்காலியையும் திருத்த வேண்டும்.

எப்படி? கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவு, வருகிற கம்பெனிக்கு எழுத்து மூலம் நிபந்தனை போடட்டும்: அப்பன் தொழில், தெரு, சாதி, கல்யாணம் பற்றிக் கேள்வி கூடாது. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மார்க்கு. இது சலுகை இல்லை. 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இருவர் 1998-லேயே காட்டியதுதான்: வாய்க்கு வந்ததைக் கேட்கிற நேர்காணலை விட, இப்படித் திட்டமிட்ட நேர்காணல்தான் நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது. எத்தனை பட்டியலின, பழங்குடி மாணவர் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று வருடா வருடம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இவை மாணவர்கள் கேட்க வேண்டிய கோரிக்கைகள். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்பது இயக்கத்தின் கோரிக்கை. 2006-ல் தொழிலதிபர் கூட்டமைப்புகள் 'சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

இன்னொன்று நாம் செய்ய வேண்டியது. அதற்கு இந்த மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்டு, 1899-ல் சிவகாசிக் கொள்ளையைக் கண்ட நாடார் சமூகம், மகமை போட்டது, பிடி அரிசி எடுத்துப் பள்ளி நடத்தியது. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி வந்தது. 1921-ல் தூத்துக்குடியில் சொந்த வங்கி. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உறவின்முறை நின்றது. இன்றும் இந்த ஊரில் பல வேலைகள் நேர்காணலுக்கு முன்னாலேயே உறவில் முடிந்துவிடுகின்றன. நம் பிள்ளை யாருக்குப் போன் போடுவான்? அந்த மகமையின் பயன் சாதிக்குள் நின்றுபோனது, அதுதான் அதன் குறை. ஆனால் கூடிக் கொடுக்கிற அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

வங்கி, ஆசிரியர் வேலை, மின்வாரியம், ரயில்வே என்று நம்மில் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்! 1956-ல் ஆக்ராவில் அண்ணல் படித்தவர்களைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியது நம்மைத்தான். மாதம் நூறு ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுதான் நம் மகமை. நேர்காணலுக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு சட்டை, பஸ் காசு, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆள்.

அந்தத் தங்கச்சிக்கு வருகிற வியாழக்கிழமை கோயம்புத்தூரில் நேர்காணல். ஏழு பேர் சேர்ந்து பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். அங்கே என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் முடிவு. அவள் அண்ணனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். 'விடுங்கண்ணே' என்றான். அடுத்த ஞாயிறு படிப்பகத்துக்கு அவனும் வருகிறான். இந்த முறை கேள்வி கேட்கிற நாற்காலியில் அவனை உட்கார வைக்கப் போகிறோம்.

நீங்களும் வாருங்கள் தோழர்களே. நாற்காலி பத்தாவிட்டால் பாயை விரித்துக்கொள்வோம்.