சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கலாமா?

கெளுத்திக்கு எது சிறந்த இரை? மண்புழுவா, கோழிக்குடலா, உயிருள்ள சிறு மீனா? பெங்களூரு ஏரிக்கரைகளில் தூண்டிலோடு அமர்வோரிடையே இந்த விவாதம் ஓய்வதில்லை. விடை சொல்வோர் அனைவரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்: எந்த இரைக்கு மீன் விரைவாகவும் பெரிதாகவும் அகப்படுகிறது என்பது. இந்த அளவுகோல் போதுமானதா என்று மீன்வளம், சூழலியல் பயில்வோராவது கேட்டாக வேண்டும்.

ஒவ்வோர் இரையும் ஒரு கருதுகோள். இந்த நீரில் இந்த மீன் எதைத் தின்று வாழ்கிறது என்ற ஊகத்தையே தூண்டில்காரர் முள்ளில் கோக்கிறார். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குரிய தட்டைத்தலைக் கெளுத்தி இதற்கு நல்ல சான்று. பிற கெளுத்திகள் நாற்றமெடுத்த இறைச்சித் துண்டையும் நாடிவரும். வளர்ந்த தட்டைத்தலையோ உயிருள்ள மீனை வேட்டையாடுவதையே பெரிதும் விரும்புகிறது. அதனால் அங்குள்ள தூண்டில்காரர்கள் உயிருள்ள சிறு மீனையே முதல் தேர்வாகக் கொள்கின்றனர். அதே வேட்டைப் பழக்கம்தான் அந்த மீன் தனக்குரியதல்லாத ஆறுகளில் விடப்பட்டபோது கேடாக முடிந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அல்டமஹா ஆற்றில் அது பெருகிய பிறகு, அங்கு இயல்பாக வாழ்ந்த சூரியமீன் இனம் வெகுவாகக் குறைந்தது.

பெங்களூருவில் இந்த இடத்தை வகிப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்ப்பதற்கு ஒன்றிய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. ஆயினும் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் இறைச்சிக்கடைக் கழிவைத் தீனியாகக் கொடுத்து இது கள்ளத்தனமாக வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் திறனுள்ளதால், ஆக்சிஜன் குன்றிய சாக்கடை நீரிலும் உயிர் வாழும், ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும், கிடைத்ததையெல்லாம் தின்னும். இத்தகைய மீனுக்குக் கோழிக்குடல் ஏற்ற இரையாக இருப்பதில் வியப்பில்லை. நகரம் ஏரிக்குள் எதைக் கொட்டுகிறதோ அதுவே அங்கு நல்ல இரையாகிறது. அந்த வகையில், எந்த ஏரியில் எந்த இரை எடுபடுகிறது என்ற பட்டியல் அந்த ஏரியின் உடல்நலக் குறிப்பாகவும் அமையும்.

சிக்கல் உயிருள்ள மீனை இரையாக்கும் வழக்கத்தில் தொடங்குகிறது. ‘சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி’ என்ற பழமொழி வணிகத்துக்குப் பொருந்தலாம், ஏரிக்குப் பொருந்தாது. ஓர் ஏரியில் பிடித்த சிறு மீனை வாளியில் போட்டு வேறோர் ஏரிக்குக் கொண்டுசெல்லும்போது, அந்த மீனோடு அதன் ஒட்டுண்ணிகளும் நோய்களும் பயணிக்கின்றன. முள்ளிலிருந்து நழுவியதும், பொழுது சாய்ந்தபின் வாளியோடு கவிழ்க்கப்பட்டதும் புதிய நீரில் குடியேறக்கூடும். எளிதில் கிடைக்கும் சிறு மீன்களுள் ஒன்றான திலேப்பியாவே 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல் இனம்தான். ஓர் அயல் மீனைப் பிடிக்க இன்னோர் அயல் மீனைப் பரப்புவது எந்தக் கணக்கில் சிறந்த இரையாகும்?

இரையோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, அகப்பட்டதை எப்படிப் பதிவு செய்வது என்பது. இதற்குப் பாடம் பெங்களூருவிலிருந்து சில மணிநேரப் பயணத்தொலைவில், காவிரிக்கரையின் கலிபோரேயில் இருக்கிறது. அங்கு மஹ்சீர் மீனுக்கு முதன்மை இரையாக இருந்தது கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டை. கன்னட நாட்டு உழவரின் அன்றாட உணவே மீனுக்கும் இரையானது. பிடித்த மீனை எடைபோட்டு, குறிப்பேட்டில் எழுதி, ஆற்றிலேயே விட்டுவிடுவது முகாமின் மரபாக இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்பேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 23,620 மணிநேர உழைப்பில் 6,161 மீன்கள்.

மொத்தமாகப் பார்த்தபோது செய்தி இனிப்பாக இருந்தது: ஒரு மணிநேர உழைப்புக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியிருந்தது. இனவாரியாகப் பிரித்தபோது காட்சி தலைகீழானது. பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர்; காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அருகிக்கொண்டிருந்தது. அகப்பட்ட திமில் மஹ்சீர்களின் சராசரி எடை கூடியதும் நற்செய்தியாக இல்லை. இளம் மீன்கள் புதிதாகச் சேரவில்லை என்பதையே அது காட்டியது. 2018இல்தான் அந்த மீன் டோர் ரெமதேவியே என உறுதியாக இனங்காணப்பட்டது. மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ‘மஹ்சீர்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் ஓர் இனத்தின் அழிவு மறைந்து கிடந்தது.

பெங்களூரு ஏரிகளில் ‘கெளுத்தி’ என்ற சொல் இன்று அதே வேலையைச் செய்கிறது. நாட்டுக் கெளுத்தியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. ‘ஏரியில் கெளுத்தி நிறைய இருக்கிறது’ என்னும் மகிழ்ச்சியான வாக்கியம், நாட்டு இனம் அற்றுப்போவதை மூடி மறைக்கக்கூடும்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்மீது இத்தனை சுமை ஏற்றலாமா என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான். ஆனால் சுமை சிறியது: உயிருள்ள மீனை இரையாக்காதிருப்பது, மண்புழு, மாவுருண்டை போன்றவற்றோடு நிற்பது, அனுமதியுள்ள ஏரியில் மட்டும் அமர்வது, இரை, நேரம், இனம், எடை ஆகிய நான்கையும் எழுதிவைப்பது, ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் திரும்ப நீரில் விடாதிருப்பது. இரை மாறினால் அகப்படும் மீனும் மாறும் என்பதால், இரையின் பெயர் இல்லாத பதிவை ஆய்வாளர் ஒப்பிட முடியாது. பல்கலைக்கழகத் துறைகள் தம் பங்குக்கு, இந்தக் குறிப்பேடுகளை ‘அமெச்சூர் தரவு’ என ஒதுக்காமல், இனங்காணும் பயிற்சியைக் கரையில் இருப்போருக்கு அளிக்கலாம். திமில் மஹ்சீரின் நிலையை உலகுக்குச் சொன்னவை தூண்டில்காரர்களின் ஏடுகள்தாம்.

தூண்டில்காரனுக்குத் தக்கையில் கண் என்பார்கள். தக்கை அமிழ்வதை மட்டும் பார்ப்பவருக்குக் கோழிக்குடலோ உயிர்மீனோ சிறந்த இரையாகத் தோன்றும். தக்கைக்கு அடியிலுள்ள நீரையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, முள்ளிலிருந்து நழுவி ஏரியில் விழுந்தாலும் கேடு செய்யாததே சிறந்த இரை.