மீமுக்கு ஆயுள் எவ்வளவு?

2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை பெங்களூர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 15 ஆயிரம் கன அடி காவிரி நீர் விடும்படி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 9-ந் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. கன்னட நடிகர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களைக் கிண்டல் செய்து முகநூலில் 'மீம்' போட்டார் என்று பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரைக் கும்பல் ஒன்று தேடிப் பிடித்து அடித்தது. மன்னிப்புக் கேட்க வைத்தது. அதோடு விடவில்லை. அடித்ததைப் படம் பிடித்து வெளியிட்டது.

அந்தப் படம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு போயிற்று. 12-ந் தேதி சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் ஒன்று தாக்கப்பட்டது. ராமேசுவரத்தில் கர்நாடக யாத்ரீகர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தக் காட்சிகள் அன்றே பெங்களூர் வந்து சேர்ந்தன. அன்று மாலைக்குள் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று. 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று.

ஒரு மீம்தான் ஊரை எரித்தது என்று சொன்னால் அது அபத்தம். 1991 டிசம்பரில் மீமும் இல்லை, செல்போனும் இல்லை. அப்போதும் இதே காவிரிக்காக இங்குள்ள தமிழர்கள் அடிபட்டார்கள், வீடு வாசலை விட்டு ஓடினார்கள். விறகு எப்போதும் அடுக்கித்தான் இருக்கிறது. தீக்குச்சி மட்டும் இப்போது எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது.

'மீம்' என்ற சொல் இணையத்தில் பிறந்ததல்ல. ரிச்சர்டு டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் 1976-ல் எழுதிய நூலில் உண்டாக்கிய சொல் அது. பாட்டின் மெட்டு, உடை மோகம், பேச்சு வழக்கு இவையெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதால்தான் பரவுகின்றன. மரபணுக்கள் பெருகுவதைப் போலவே இவையும் பெருகுகின்றன என்றார் அவர். நிறையப் பிரதி எடுக்கப்பட வேண்டும், பிரதி எடுக்கும்போது சிதையக் கூடாது, நெடுநாள் இருக்க வேண்டும் என்று மூன்று குணங்களைச் சொன்னார். இணையத்தைப் பொறுத்தவரை முதல் குணத்துக்குக் குறைவே இல்லை. மூன்றாவதுதான் அபூர்வம்.

இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2019 மே மாதக் கடைசியில் முகநூலில் யாரோ ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்றும் எழுதி வைத்தார். 2001-ல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பெயிண்டிங் காண்டிராக்டர்தான் அந்த நேசமணி. அப்பாவி ஒருவர், அவர் இப்போது நலமா என்று கேட்டாராம்! அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யும்படி ஓர் உலகமே கிளம்பிவிட்டது. பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவி ஏற்ற நேரத்தில், அந்தச் செய்தியோடு போட்டி போட்டது இந்தக் கூத்து. ஒரு வாரம் கழித்து அதைப் பேச ஆள் இல்லை.

ஆனால் வடிவேலுவின் முகம் மட்டும் போகவில்லை. அவருடைய பழைய படங்களிலிருந்து எடுத்த முகங்கள் பல ஆண்டுகளாகத் தமிழர்களின் செல்போன்களில் இருக்கின்றன. காரணம் எளிது. நேசமணி கேலிக்கு ஒரு கதை தெரிய வேண்டும்; கதை பழசானால் கேலியும் பழசு. முழிக்கிற முகத்துக்குக் கதை எதற்கு? வீட்டு வாடகை ஏறினாலும் முழிக்கலாம், தேர்தலில் டெபாசிட் போனாலும் முழிக்கலாம். காலி பாத்திரம் போல எதை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். மலையாளிகளுக்கு சலீம் குமாரும் சுராஜும் இப்படித்தான். தெலுங்கு பிரமானந்தத்தின் முகமோ மொழியே தெரியாதவர்களிடமும் செல்லுபடியாகிறது.

கோபத்தை மூட்டும் படங்களின் கணக்கு வேறு. அவற்றில் உள்ள கிண்டலுக்கு ஆயுள் மிகக் குறைவு. 2016-ல் அந்த மாணவர் போட்ட மீமில் என்னதான் இருந்தது என்று கேட்டால் இன்று பத்துப் பேரில் ஒருவராவது சொல்வாரா என்பது சந்தேகமே. ஆனால் அவர் அடிபட்ட காட்சி அழியாது. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பும்போது முதலில் கழன்று விழுவது தேதிதான். தேதி போய்விட்டால் எட்டு வருஷத்துக் காட்சியும் நேற்று நடந்ததாகவே தெரியும். ஆகவே மழை பொய்க்கும் வருஷங்களில் அது உயிர் பெற்று எழ எந்தத் தடையும் இல்லை. வடிவேலுவின் முகத்துக்கு நீண்ட ஆயுள் தரும் அதே சூட்சுமம்தான் இதற்கும் ஆயுள் தருகிறது: இரண்டுமே நாள், கிழமை இல்லாதவை.

இந்த வேகத்துக்குக் கடிவாளம் போட முடியாது என்பாரும் உண்டு. பெங்களூரின் அனுபவமே அதற்குப் பதில். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தியால் ஆயிரக்கணக்கானோர் இங்கிருந்து கவுகாத்திக்கு ரயில் ஏறினார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு தற்காலிகமாகத் தடை போட்டது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியை நம்பி, சாமராஜபேட்டையில் ராஜஸ்தான் வாலிபர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். நாட்டின் பிற இடங்களிலும் இந்தக் கொடுமை நடந்த பின்பு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி அந்த நிறுவனம் செய்தது. 2020-ல், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அதன் பின் இத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அதைச் செய்ய இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்ததுதான் வேதனை.

வேகத்தைக் குறைக்கலாம், கழன்றுபோன தேதியை யார் ஒட்டுவது? காவிரிப் பிரச்சினை சூடு பிடிக்கும் நாட்களில் கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் அணைகளின் நீர்மட்டத்தைக் கன்னட, தமிழ்ப் பத்திரிகைகள் நாள் தவறாமல் வெளியிடுகின்றன. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அன்று ஊரில் சுற்றும் படம் எது, அது எந்த வருஷம் எங்கே எடுத்தது என்று போலீசாரிடம் கேட்டு இரண்டு வரி போடலாம். இரு மொழிப் பத்திரிகைகளிலும் ஒரே நாளில், ஒரே செய்தியாக வந்தால் இன்னும் நல்லது.